ஏரிக்கரையில் ஒரு வீடு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? மாதவரத்தையும் புழலையும் கடந்து, செங்குன்றத்து அரிசி மண்டிகளைப் பின்னே விட்டுச் சென்றால் சோழவரம் வரும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடும் அச்சாலையை விட்டுச் சற்றே உள்ளே திரும்பினால், இரைச்சல் அடங்கி, நீர்ப்பரப்பின்மீது தவழ்ந்து வரும் காற்று முகத்தில் படும்.

ஒரு காலத்தில் இவ்வூரின் பெயரைக் கேட்டதும் பந்தயக் கார்களே நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்ற அப்பந்தயங்கள், 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்தபின் இங்கே ஓய்ந்துவிட்டன. இப்போது இவ்வூருக்கு மக்களை அழைத்துவருவது மனை விளம்பரங்கள். 'ஏரியைப் பார்த்த வீடு' என்ற மூன்று சொற்களுக்குத் தனி விலை இருக்கிறது.

என் மூத்த சகோதரியின் மகன் துபையில் பதினோரு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் இப்பகுதியில் ஒரு வீடு வாங்க விரும்பினான். "மாமா, நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் வேண்டிக்கொண்டான். வைகாசி மாதத்து முற்பகல் ஒன்றில் சகோதரியை அழைத்துக்கொண்டு சென்றேன்.

பழைய ஓட்டு வீடு. முன்னால் வேப்பமரம், பின்னால் மாட்டுத் தொழுவம், அதற்கும் அப்பால் கருங்கல்லில் கட்டிய ஒன்பது படிகள். படிகளின் கீழே வெடித்த வண்டல் மண். தொலைவில்தான் நீர் மின்னியது. உடன் வந்த தரகர், "இந்தப் படித்துறையும் உங்களுக்கே சொந்தம். படகு கட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். சகோதரியின் முகம் மலர்ந்தது. பேரப்பிள்ளைகள் அப்படிகளில் அமர்ந்திருப்பதை அவர் அப்போதே கண்டுவிட்டார் போலும்.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், வந்த காரியத்தை விசாரித்து அறிந்துகொண்டு, "பாய், வைகாசியில் பார்த்து வாங்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தரம் வந்து பாருங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த ஏரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணையில் திருப்பிச் சோழவரத்தில் தேக்கி, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுசென்று, பிறகு சென்னைக்குக் குடிநீராக வழங்கும் ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கமும், 1996இல் கிருஷ்ணா நீரும் இவ்வமைப்பில் சேர்ந்தன. சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கனஅடி. ஆக, தரகர் 'உங்களுக்கே சொந்தம்' என்று காட்டியது, மாநகரத்து மக்கள் அருந்தும் தண்ணீரின் விளிம்பை!

கோடையில் ஏரி சுருங்கும், மழையில் விரியும். ஆனால் அதன் எல்லை இரண்டு காலத்திலும் ஒன்றே. முழுக் கொள்ளளவில் நீர் எதுவரை நிற்குமோ அதுவரை உள்ள நிலம், வறண்டு கிடந்தாலும் ஏரிதான். அதுவும் கரையும், வரத்துக் கால்வாயும், உபரிநீர்க் கால்வாயும் அரசுப் புறம்போக்கு. அவற்றை எவரும் விற்க இயலாது. எவரும் வாங்கவும் இயலாது. தமிழகத்தில் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளுக்கென்றே இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. பின்னதன்படி ஏரியை அளந்து எல்லை குறித்து, அறிவிப்புக் கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்றலாம். குளம், ஏரி போன்ற பொது நீர்நிலைகளை வீட்டு மனையாக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2001இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஐப்பசி வரை காத்திருந்த நாட்களில் ஆவணங்களைத் தேடினோம். நீங்களும் இவ்வரிசையில் தேடுவது நலம். முதலில் பட்டா. பட்டாவில் எந்தெந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அ-பதிவேடு. அந்த எண்ணுக்குரிய நிலம் தனியார் நிலமா, ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா என்பதை அது சொல்லும். மூன்றாவதாகப் புலப்படம். மனையின் நான்கு பக்க அளவுகளும், அதை ஒட்டியுள்ள எண்களும் அதில் இருக்கும். இவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே காணலாம். ஆயினும், பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் அலுவலகத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். அன்று 'ஏரி' என்றிருந்த எண் இன்று வேறு பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பிறகு தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும். மனைப்பிரிவாக இருந்தால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016இல் தடை வந்தது. 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் பழைய மனைகளுக்கு வழி திறந்தாலும், நீர்நிலையில் அமைந்த மனைக்கு அவ்வழி திறக்கவில்லை. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. மனை அதற்குள் வருகிறதா என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும், வெள்ளம் சூழும் இடமா என்று நீர்வளத் துறையிலும் கேட்டறியுங்கள். மின் இணைப்பும், வீட்டு வரி ரசீதும் உரிமைப் பத்திரங்கள் அல்ல என்பதை மறவாதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பட்டா இருந்தது. பத்திரம் தெளிவாக இருந்தது. பொன்னேரி வட்ட அலுவலகத்தில் மனுச் செய்து, நில அளவையர் வந்து அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டா நிலம் வீட்டின் பின்சுவரோடு முடிகிறது. தொழுவமும் அதற்கப்பால் உள்ள ஒன்பது படிகளும் ஏரிப் புறம்போக்கு. கார்த்திகையில் மீண்டும் சென்றபோது ஏரியே அதற்குச் சாட்சி சொன்னது. ஒன்பது படிகளும் நீருக்குள். தொழுவத்தின் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டின் தரை மட்டும் உலர்ந்திருந்தது.

தனியார் படகுத்துறைக்கு அனுமதி தரும் நாடுகளிலும் நிலைமை இதற்கு வெகுதூரத்தில் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லேனியர் என்ற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரை அந்நாட்டு இராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ளது. அங்கே படகுத்துறைக்கான அனுமதி ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. வீட்டை விற்றால் அனுமதி வீட்டோடு போகாது. வாங்கியவர் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமல் வாங்குவோர் படகுத்துறைக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டுக் கைபிசைய நேரும்.

நமக்கு அருகிலேயே இன்னொரு பாடமும் உண்டு. கொச்சியை அடுத்த மரடு என்ற இடத்தில், காயலை ஒட்டி எழுந்த 4 அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே உள்ளாட்சி அனுமதி இருந்தது, பத்திரப்பதிவு இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்திருந்தது. அத்தனையும் சேர்ந்தும் அவ்வீடுகளைக் காக்க முடியவில்லை. ஓர் அலுவலகத்தின் முத்திரை மற்றோர் அலுவலகத்தின் தடையை நீக்கிவிடாது.

வாங்குபவருக்கு இவ்வளவு சொன்னோம். விற்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டாமா? கடைத்தெருவில் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவ்வணிகரைக் கேட்டதையும் நாம் அறிவோம். மேலே உலர்ந்தும் அடியில் நனைந்தும் இருப்பது தானியம் மட்டும்தானா? கோடையில் காட்டி விற்கப்படும் ஏரிக்கரை மனையும் அத்தகையதுதான்.

அந்த வீட்டின் உரிமையாளர் நம் சமயத்தவர் அல்லர். அளவையர் போட்ட கல்லைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "அந்தப் படிகள் என் தகப்பனார் கட்டியவை. எங்களுடையவை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என்னுடையது அல்லாததற்கு உங்களிடம் எப்படிப் பணம் வாங்குவேன்?" என்றார். தாமாகவே விலையைக் குறைத்தார். பத்திரத்தின் சொத்து விவரத்தில் பட்டா நிலத்தின் அளவு மட்டும் எழுதப்பட்டது. தொழுவத்தைத் தம் செலவிலேயே பிரித்து எடுத்துக்கொண்டார்.

"படித்துறை இல்லையே" என்று சகோதரிக்குச் சிறிது வருத்தம். "அக்கா, தண்ணீர் எல்லோருக்கும் பொது என்றுதானே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்? நாம் சன்னலிலிருந்து பார்த்துக்கொள்வோம்" என்றேன். சிரித்துவிட்டார்.

அன்பு வாசகர்களே! பிள்ளைகள் பாலைவன வெயிலில் ஈட்டிய பணம் ஒரே கையெழுத்தில் நீரோடு போய்விடக் கூடாது. ஏரிக்கரையில் வீடு வாங்குவதாயின் தாராளமாக வாங்குங்கள். ஆனால், முன்பணம் கொடுக்குமுன் நிலத்தை அளந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை சென்று, ஏரி தன் எல்லையை எங்கே வைத்திருக்கிறது என்பதையும் நேரில் கண்டு வாருங்கள்.