அவர் அஸ்ஸாமில், நான் மதுரையில்

பட்டாளத்துக்காரருக்கு வாழ்க்கைப்படுவதில் ஒரு பெருமை உண்டு, சகோதரிகளே! உறவு ஜனங்கள் நம்மையும் ஒரு படி உயர்த்தியே பேசுவார்கள். ஆனால் அந்த வாழ்வு முறிந்துபோனாலோ, அதே ஜனங்கள், "நாட்டைக் காக்கிற மனிதரையா கோர்ட்டுக்கு இழுக்கிறாய்?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள்.

எங்கள் கல்யாணம் திருப்பதியில் நடந்தது. சேர்ந்து குடித்தனம் செய்தது அம்பாலாவில், ராணுவக் குடியிருப்பில். பிறகு அவரை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். நானும் குழந்தையும் மதுரைக்கு, என் பிறந்தகத்துக்கு வந்தோம். முதலில் டெலிபோன் குறைந்தது. அப்புறம் பணம் நின்றது. லீவில் வந்தவர், தம் தாயார் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு, மகளைக்கூடப் பாராமல் ரயிலேறிப் போனார். இப்படியே மூன்று வருஷம்.

வழக்கை எந்த ஊரில் போடுவது? 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் முக்கியமாக மூன்று ஊர்களைத்தான் சொல்லியிருந்தது: கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பார் வசிக்கும் ஊர். என் விஷயத்தில் திருப்பதி, அம்பாலா, அஸ்ஸாம்! இடுப்பில் குழந்தையோடு எங்கே அலைவது? நல்லவேளை, 2003-ல் சட்டத்தைத் திருத்தி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்று ஆக்கியிருந்தார்கள். மதுரைக் குடும்ப நீதிமன்றமே போதுமென்றாயிற்று. வக்கீல் செலவுக்கும் கலங்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மாள் முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கினார். "பட்டாளத்தில் மாற்றலாகித் தூர தேசம் போவது கைவிடுதல் ஆகாது, அம்மா. வாழ விருப்பமில்லாமல் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஒதுக்கியிருக்க வேண்டும். மைல் கணக்கைக் கோர்ட் பார்க்காது, மனசைத்தான் பார்க்கும்" என்றார். பணம் நின்றதும், லீவில் வந்தும் எட்டிப் பாராததும்தான் என் மனுவுக்கு ஆதாரமாயின.

சம்மன் அவர் கைக்கு எப்படிப் போகும்? ராணுவத்தினருக்கானதை அவருடைய படை அதிகாரிக்கே கோர்ட் அனுப்பிவிடும். ஜீவனாம்சத்துக்கும் வழி இருக்கிறது. 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டப்படி, மனைவி மக்களைக் கவனிக்காதவரின் சம்பளத்திலிருந்தே மேலதிகாரிகள் பிடித்துக் கொடுக்கலாம்.

அவருக்கும் சட்டத்தில் காப்பு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். யுத்தகாலம் போன்ற விசேஷ நிலைமையில் பணியாற்றும் சிப்பாயின் வழக்கை, அவர் இல்லாத சமயத்தில் முடித்துவிடாமல் தள்ளிவைக்க 1925-லேயே ஒரு சட்டம் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. எல்லையில் நிற்பவர் வந்து தம் கட்சியைச் சொல்லட்டும். அவர் உடுப்புக்குக் காட்ட வேண்டிய மரியாதை அது. அந்த மரியாதைக்காக ஒரு பெண் ஆயுள் முழுதும் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அவர் லீவு போட்டு வந்தார். ஆலோசகர் முன்னிலையில் இரண்டு தடவை பேசினோம். சண்டை இல்லை, சேரவும் மனமில்லை. பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதென்று முடிவாயிற்று. அதற்கு ஆறு மாதம் காத்திருக்கச் சட்டம் சொல்கிறது. தகுந்த காரணமிருந்தால் கோர்ட் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. நாங்கள் காத்திருந்தே முடித்தோம்.

தீர்ப்பான பிறகு கான்டீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மகள் அவருக்கு என்றும் மகள்தான். அவள் பெயருக்கு மாதா மாதம் பணம் வருகிறது. லீவில் வந்தால் பார்த்துவிட்டும் போகிறார்.

என் நிலையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்வேன்: அவருடைய படை எண், படைப் பிரிவின் விலாசம், கல்யாணப் பத்திரிகை, குழந்தையின் பிறப்புச் சான்று, பணம் வந்து நின்ற பாங்குக் கணக்கு, இவ்வளவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோர்ட்டில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது!