31 அறிக்கைகளும் ஒரு பட்டியலும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் காலமுறை அறிக்கைப் பதிவேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த அறிக்கை, யாருக்கு, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிதாக இருக்கைக்கு வரும் எழுத்தர் அதைப் புரட்டினாலே பாதி வேலை விளங்கிவிடும். ஆனால் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்குள் இருக்கும் அறிக்கைகளுக்கு அப்படி ஒரு பதிவேட்டை யாரும் போடவில்லை.

தேனி 1996-இல் தனி மாவட்டமானது. அதற்கு ஓரிரு வருஷம் கழித்து நடந்தது இது. நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். முதியோர் உதவித்தொகைப் பட்டியல் ஃபாக்ஸ்புரோ 2.6-இல் இருந்தது. டாஸ் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மாதாமாதம் அதில் அச்சாகும் பட்டியலை வைத்துத்தான் மணியார்டர் போகும். புரோகிராம் எழுதிக் கொடுத்த தம்பி நல்ல வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். மெனுவில் தெரிந்தவை ஆறு அறிக்கைகள். வட்டில் எஃப்ஆர்எக்ஸ் என்று முடியும் கோப்புகளைத் தேடிப் பார்த்தால் 31 இருந்தன! டாஸில் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். எது எதற்கென்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, தேவாரத்து மருமகனாகி, இங்கேயே தங்கிவிட்டேன். பிரெஞ்சில் இந்த மாதிரி அலுவலகப் பட்டியலுக்கு 'எத்தா' என்று பெயர். பிறப்பு இறப்புப் பதிவுக்கு 'எத்தா சிவில்' என்பார்கள். அந்தப் பதிவேடுகளுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை அகரவரிசைப் பெயர் அட்டவணை போடுவது அவர்கள் வழக்கம். பிரான்சில் 1792-லேயே சட்டமாக வந்துவிட்டது. அட்டவணை இல்லாவிட்டால் பதிவேடு இருந்தும் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. அதே மாதிரி இந்த 31-க்கும் ஓர் அட்டவணை போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஃபாக்ஸ்புரோவில் ஒரு சௌகரியம் உண்டு. அறிக்கையின் வடிவத்தை வைத்திருக்கும் எஃப்ஆர்எக்ஸ் கோப்பும் ஒரு சாதாரண டேபிள்தான். கூடவே அதே பெயரில் எஃப்ஆர்டி என்று ஒரு கோப்பு இருக்கும். 'யூஸ்' போட்டு, எஃப்ஆர்எக்ஸ் என்பதையும் சேர்த்துப் பெயரைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். பிறகு 'லிஸ்ட்' கொடுத்து, எக்ஸ்பிஆர் என்ற புலத்தைக் கேட்டால், அறிக்கையில் என்ன தலைப்பு, எந்தெந்தப் புலங்கள் அச்சாகின்றன என்பது வரிவரியாக வந்துவிடும். ஒரு வாரம் மாலை நேரத்தில் உட்கார்ந்து 31-க்கும் எடுத்துவிட்டேன்.

ஆனால் அதோடு வேலை முடியாது. எஃப்ஆர்எக்ஸில் இருப்பது பெரும்பாலும் அறிக்கையின் உருவம் மட்டுமே. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற நிபந்தனை, அறிக்கையை அச்சிடச் சொல்லும் பிஆர்ஜி கோப்பில், 'ஃபார்' என்ற சொல்லுக்குப் பிறகு இருக்கும். ஆகவே அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அங்கேதான் அகப்பட்டது. 'அனைத்துப் பயனாளிகள்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு போட்ட மணியார்டர் பட்டியலில், கதவு எண் காலியாக இருந்தால் அந்த ஆளை விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை. விலாசம் சரியில்லாமல் மணியார்டர் திரும்பி வருகிறதே என்று எப்போதோ தற்காலிகமாகப் போட்டிருக்க வேண்டும். எடுக்க ஆள் இல்லை. மலையடிவாரக் குடிசைகளுக்குக் கதவு எண் ஏது? ஏலத்தோட்டத்தில் முதுகு வளைந்து உழைத்து ஓய்ந்த 11 பேர் அப்படி விடுபட்டிருந்தார்கள், பெரும்பாலும் பாட்டிமார்கள். அவர்கள் பெயருக்கு அனுமதி ஆணை உண்டு, பதிவும் உண்டு, அச்சில் மட்டும் இல்லை. தபால்காரர் வரும் நாளில் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சர்க்கார் நிறுத்திவிட்டது போலிருக்கிறது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

குறிப்பு எழுதி அதிகாரியிடம் வைத்தேன். தபால்காரரைக் கேட்டு அடையாளம் எழுதி, நிபந்தனையை எடுத்தோம். அடுத்த மாதம் பணம் போனது. நின்றுபோன மாதங்களின் பாக்கிக்குத் தனியாக ஆணை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் நாளாயிற்று. அது வருவதற்குள் ஒரு பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன்பின் ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டேன். கோப்பின் பெயர், அறிக்கையின் தலைப்பு, யாருக்குப் போகிறது, எப்போது எடுப்பது, யார் விடுபடுவார்கள். முதல் நான்கும் எல்லோருக்கும் தோன்றும். ஐந்தாவதுதான் முக்கியம். ஒரு பட்டியலில் இருப்பவர்களைப் பட்டியலே காட்டிவிடும், இல்லாதவர்களை அது ஒருபோதும் காட்டாது. நான் மாறுதலில் போனபோது, பொறுப்பு ஒப்படைப்பில் பீரோ சாவி, கோப்புகள் இவற்றோடு அந்த நோட்டையும் ஓர் இனமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஃபாக்ஸ்புரோ இன்று வழக்கொழிந்துவிட்டது. கடைசிப் பதிப்புக்கும் 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் ஆன்லைன், பணமும் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆனாலும் 'உங்கள் பெயர் லிஸ்டில் வரவில்லை' என்று எந்தக் கவுண்டரில் யார் சொன்னாலும், "எந்த நிபந்தனையால் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த ஆள் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.