கெத்தாராமவில் மூன்று, மொத்தம் இருபது

கிருலப்பனைப் பக்கம் கிரிக்கெட் பேசத் தனிக் காரணம் வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் கெத்தாராம பிரேமதாச மைதானத்தில் இலங்கையும் இந்தியாவும் மூன்று ஒருநாள் போட்டிகள் ஆடின. மூன்றிலும் நாணயச் சுழற்சியில் தோற்றவர் இந்திய அணித்தலைவர் ரோகித் சர்மா. அதிசயமா? இல்லை. மூன்று சுண்டலுக்கு எட்டு வழிகள்: ஒரு தோல்வியும் இல்லாதது ஒன்று, ஒரு தோல்வி மூன்று, இரு தோல்வி மூன்று, மூன்றும் தோல்வி ஒன்று. உயர்தரக் கணிதத்தில் பிள்ளைகள் படிக்கும் ஈருறுப்புப் பரம்பல் இதுதான்.

ஆனால் அந்த மூன்றும் ஒரு நீண்ட சங்கிலியின் கண்ணிகள். 2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக் கிண்ண இறுதியில் தொடங்கி இந்தியா தொடர்ந்து 20 ஒருநாள் சுழற்சிகளில் தோற்றது. தலைவர்கள் மாறியும் பலனில்லை. 2025 டிசம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்தில்தான் அணித்தலைவர் ராகுல் சுழற்சியில் வென்றார்.

குறித்த 20 சுண்டலும் தோற்க வாய்ப்பு 10,48,576-இல் 1. சரி, கச்சிதமாகப் பத்துக்குப் பத்து விழ? அதுவும் 17.6 சதவீதம்தான்! பல அணிகள் பல பத்தாண்டுகளாகச் சுண்டும்போது, எங்கோ ஒரு நீள வரிசை விழாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: விளைவு இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். 2011 உலகக் கிண்ண வான்கடே இறுதியில் அதுவும் சறுக்கியது. கூட்டத்தின் இரைச்சலில் இலங்கை அணித்தலைவர் சங்கக்கார சொன்னது போட்டி நடுவர் ஜெஃப் குரோவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சுண்டினார்கள், சங்கக்கார வென்று துடுப்பெடுத்தாடினார்.