தரைக்கு அடியில் 500 வருஷம் தூங்கிய உள்ளாடைகள்... ஆஸ்திரியக் கோட்டை சொல்லும் கதை!

ஆஸ்திரியாவின் தெற்கே, இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிறது கிழக்கு டிரோல். முதல் உலகப்போருக்குப் பிறகு தெற்கு டிரோல் இத்தாலியின் கைக்குப் போய்விட்டதால், மாகாணத்தின் மற்ற பகுதியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் நிலம் இது. ஒரு பக்கம் டோலமைட் மலைகள், பள்ளத்தாக்கின் நடுவே டிராவ் ஆறு. லியன்ஸ் நகரிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் நிக்கோல்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூர் வரும். அங்கே மேட்டில் நிற்கிறது லெங்பெர்க் கோட்டை.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய கோட்டைகள் எத்தனையோ உண்டு. ஆனால், பெண்களின் உடை வரலாற்றைத் திருத்தி எழுத வைத்த கோட்டை இதுதான்.

மரப்பலகைக்குக் கீழே...

2008-ல் கோட்டையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. இரண்டாவது தளத்தின் தரையைப் பெயர்த்தபோது, கீழ்த்தளத்து வளைவுக் கூரைக்கும் மேல்தரைக்கும் நடுவே இருந்த பள்ளம் முழுக்கக் குப்பை! வைக்கோல், சுள்ளிகள், மரத்துண்டுகள், தோல் செருப்புகள். கூடவே 2,700-க்கும் அதிகமான துணித் துண்டுகள். ஈரம் எட்டிப் பார்க்காத இடம் என்பதால் எதுவும் மக்கிப்போகவில்லை.

அவற்றை ஆராய்ந்தவர் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர் பியாட்ரிக்ஸ் நட்ஸ். துணிகளைப் பிரித்து வைத்தபோது நான்கு துண்டுகள் வித்தியாசமாகத் தெரிந்தன. லினன் துணியில் தைத்த கப்கள், தோள்பட்டைகள். பார்த்தால் அசல் பிரா!

இங்கேதான் சிக்கல். பிரா என்பது நவீன காலத்துக் கண்டுபிடிப்பு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் அதற்குக் காப்புரிமை பெற்றது 1914-ல். அப்படியானால், பிற்காலத்தில் யாராவது போட்ட துணி அந்தக் குப்பையில் கலந்துவிட்டதா?

வயசைக் காட்டும் தையல்

பழைய உள்ளாடையின் காலத்தைக் கணிக்க நிபுணர்கள் முதலில் பார்ப்பது அழகை அல்ல, தையலையும் மாட்டும் வசதியையும்தான். கயிறு கோக்கும் துளையில் உலோக வளையம் இருந்தால், அது 1820-களுக்குப் பிந்தியது. மெஷின் தையல் என்றால், பெரும்பாலும் 1850-க்கு அப்புறம். நைலான் இருந்தால் 1938-க்கு முன்னால் போகவே முடியாது. லைக்ரா என்றால் 1958-க்குப் பிறகு.

லெங்பெர்க் துணிகளில் இவை எதுவுமே இல்லை. நான்கில் ஒன்று விலா எலும்பின் கீழ்வரை நீளும் மாடல். ஒவ்வொரு கப்பும் இரண்டு துண்டு லினனைச் சேர்த்துத் தைத்தது. இடது பக்கத்தில் கயிறு கோத்து இறுக்கிக்கொள்ள ஆறு துளைகள். அவையும் காஜா கட்டுவதுபோல நூலாலேயே கட்டியவை. மேலே ஊசியால் பின்னிய லேஸ் அலங்காரம் வேறு!

ஆனால், 'கையால் தைத்தது' என்பதை மட்டும் வைத்து நூற்றாண்டைச் சொல்லிவிட முடியாது. அதற்குக் கோட்டையே சாட்சி சொன்னது. விர்ஜில் வான் கிராபென் என்பவரின் காலத்தில்தான் இங்கே கூடுதலாக ஒரு தளம் எழுந்தது. புதிய தேவாலயம் 1485 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டதற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. தரையைச் சமப்படுத்த அந்தக் கட்டட வேலையின்போது கொட்டிய குப்பைதான் இது. அப்புறம் ரேடியோ கார்பன் சோதனை. துணியின் நாரே 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று உறுதியானது. 2012-ல் இது உலகச் செய்தியானது.

இன்னொன்று தெரியுமா? 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி டி மோன்டெவில், பெண்கள் உடைக்குள் மார்புக்கென்று பைகள் தைத்துக்கொண்டதை எழுதியே வைத்திருக்கிறார். எழுத்து இருந்தது, பொருள்தான் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

ஜட்டி யாருடையது?

அதே குப்பையில் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் சின்ன ஜட்டி ஒன்றும் கிடைத்தது. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு மறுபடி உடுத்தியிருக்கிறார்கள். இன்றைய கண்ணுக்கு அது பெண்களின் பிகினிபோலத் தெரியும். ஆனால், அந்தக் கால ஓவியங்களில் இப்படிப்பட்டதை அணிந்திருப்பவர்கள் ஆண்கள்! அதனால் ஆணுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது ஆய்வு.

பிராவைப் பார்த்தால் 'இது பழசாக இருக்காது' என்று தோன்றும். ஜட்டியைப் பார்த்தால் 'பெண்ணுடையது' என்று தோன்றும். இரண்டு இடத்திலும் நம் கண் ஏமாற்றுகிறது. பழைய உடையை அடையாளம் காண, இன்றைய பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ராஜா ராணிகளின் பட்டாடைகளை மியூசியங்கள் பத்திரமாகக் காக்கின்றன. சாதாரண மனிதர்களின் உள்ளாடைகளோ கிழியும்வரை உழைத்து, கந்தலாகி, காணாமல் போய்விடும். லெங்பெர்க்கில் அவை தப்பியதற்குக் காரணம், யாரோ அவற்றைக் குப்பை என்று நினைத்துத் தரைக்கு அடியில் போட்டதுதான்.

ஆஸ்திரியா போகிறவர்கள் வியன்னா, சால்ஸ்பர்க் என்று பட்டியல் போடுவார்கள். டிராவ் ஆற்றங்கரையில் போக நேர்ந்தால், அந்த மேட்டை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். வெளியே யாருக்கும் தெரியாத உள்ளாடைக்குக்கூட லேஸ் பின்னி அழகு பார்த்த ஒரு பெண்ணின் கைவேலை அங்கேதான் கிடைத்தது. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தையல் மட்டும் பிரியாமல் இருக்கிறது.