காயலான் கடைக்குப் போகாத கணிப்பொறி

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் செல்வோரின் கண்ணில் முதலில் படுவது உப்பு. சாலையோரத்தில் வெண்மை பூத்துக் கிடக்கும் அளங்களும், அவற்றினிடையே குவித்து மூடி வைத்த உப்பு அம்பாரங்களும் நெடுந்தூரம் உடன் வரும். இடப்புறம் கடல். அதன் கரையில், நாற்புறமும் பெரிய கப்பல்கள் சூழ்ந்திருக்கும் புதிய துறைமுகம் 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் மரத்தோணிகளின் தாயகமோ பழைய துறைமுகம்.

இந்தக் கடற்கரையின் பழம்பெருமை முத்து. கொற்கையும் காயலும் முத்தாலேயே உலகறிந்த பட்டினங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கலங்கள் காயலில் நிற்பதைக் குறித்து வைத்தார். முத்துச் சிலாபம் நடக்கும் நாட்களில் கடலிலிருந்து வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்குள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதை இருக்கிறதா என்பது வீட்டுக்குப் போய்ச் சிப்பி அழுகிய பிறகே தெரியும். அந்தச் சிலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது அதன் பிற்காலச் செய்தி.

வாசக நேயர்களே, முத்தைப் பற்றித் தொடங்கிவிட்டுக் கணிப்பொறிக்குப் போகிறேனே என்று வியப்படைய வேண்டாம். இரண்டையும் இணைப்பது குவைத்.

எண்ணெய் வெளிப்படுமுன் குவைத்தின் பிழைப்பும் முத்துக்குளிப்பே. ஜப்பானின் மிகிமோட்டோ வளர்த்தெடுத்த செயற்கை முத்து உலகச் சந்தைக்கு வந்தபோது அந்தப் பிழைப்பு நொறுங்கிற்று. 1938இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும், 1946இல் ஏற்றுமதி தொடங்கியதும்தான் அந்நாட்டை நிமிர்த்தின. நம் பகுதி ஆண்களும் அங்கே உழைக்கப் போனார்கள். அந்தக் குவைத்திலேயே முஹம்மது அல்ஷாரிக் என்னும் தொழில்முனைவர், தம் அல்ஆலமிய்யா நிறுவனத்தின் வழியாக 'சக்ர்' என்ற பெயரில் அரபுக் கணிப்பொறிகளை வெளியிட்டார். அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஒரே எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் கடையிலும் வெவ்வேறு வடிவெடுக்கும். ஆங்கிலத்துக்கெனச் செய்த கருவியில் இதைக் கொண்டுவருவது அக்காலத்தில் எளிய வேலையன்று. அவர் தேர்ந்தெடுத்த அடித்தளம் 1983இல் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொது அமைப்பு. கருவிகளைச் செய்து கொடுத்தவை ஜப்பான் நிறுவனங்கள். குவைத்தின் முத்தை வீழ்த்திய அதே ஜப்பான், அரை நூற்றாண்டுக்குப் பின் குவைத்தின் எழுத்துக்குக் கருவி செய்து கொடுத்தது. திருக்குர்ஆனைக் கணிப்பொறியில் தேடிப் படிக்கும் மென்பொருளையும் அந்நிறுவனம் 1980களிலேயே தந்தது. அல்ஷாரிக் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார்.

அக்காலத்தை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வதும் கடினம். 1981இல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81 கருவியின் நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். மறு ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரமின் பெரிய மாதிரிக்கு 48 கிலோபைட். அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கமடோர் 64க்கு, பெயரிலேயே உள்ளபடி, 64. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கும் இவை போதா. தனித் திரை கிடையாது; வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. எழுதிய நிரலைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் அதே ஒலிநாடா. இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் புதிய கணிப்பொறிக் கொள்கை கதவைச் சற்றே திறந்தது. அவ்வாண்டிலேயே தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாகப் பி.பி.சி. மைக்ரோ என்னும் கருவி நம் பள்ளிகளுக்கு வந்தது. அதைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தார் 1985இல் உருவாக்கிய ஆர்ம் என்னும் சில்லின் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிகளை இயக்குகின்றன. பழையது என்று நாம் ஒதுக்குவது, புதியதன் பாட்டன்!

காயல்பட்டினத்தில் அத்தகைய கருவி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். குவைத்தில் பல்லாண்டு பணிபுரிந்து திரும்பிய பெரியவர் அவ்வீட்டுக்காரர். "வாங்க தம்பி, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று சிரித்தபடி, வெள்ளைத் துணியில் சுற்றிய பெட்டியைப் பேரன் கையால் எடுத்து வரச் சொன்னார். உள்ளே சக்ர் கணிப்பொறி. விசைகளில் ஆங்கில எழுத்தும் அரபு எழுத்தும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருந்தன. நெகிழி மஞ்சள் பூத்திருந்தது. இணைப்புத் துளைகளில் உப்புக் காற்றின் பச்சை.

"இதை 1988இல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தேன். பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கியது. பிறகு 1990இல் வந்தேனே, அப்போது உடுத்திய துணியோடு வந்தேன்" என்றார். ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்த அந்த ஆகஸ்டு மாதத்துக்குப் பின், ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டதை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய அறையும், சேர்த்த பொருளும், ஊரிலிருந்து உம்மா பேசி அனுப்பிய ஒலிநாடாக் கடிதங்களும் அங்கேயே போயின. எழுதப் படிக்கத் தெரியாத உம்மாமார்கள் மகனுக்கு ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வந்து திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பிய காலம் அது.

ஒன்று மட்டும் தப்பியது. அதன் மறுபக்கத்தில் தம் கணிப்பொறி நிரலைப் பதிந்து, கருவியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார். பொறியியல் படிக்கும் பேரன் அதைக் கவனமாக ஓடவிட்டுக் கைப்பேசியில் படியெடுத்திருந்தான். முதலில் நிரலின் பக்கத்தைக் கேட்க வைத்தான். காது கூசும் கிறீச்சொலி. பிறகு மறுபக்கம். "சாப்பிட்டியா வாப்பா? உடம்பைப் பாத்துக்கோ" என்று ஒரு மூதாட்டியின் குரல். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

வீடு பழுதுபார்த்தபோது இதே பெட்டியைப் பழைய இரும்போடு நிறுத்துப் போட இருந்தார்களாம். தமிழகம் முழுவதும் பழம்பொருள் கடையைக் 'காயலான் கடை' என்றே வழங்குகிறோம். காயல் வணிகர்களிடமிருந்து வந்த பெயர் என்பார்கள். அந்தக் காயலிலேயே ஒரு பெட்டி காயலான் கடைக்குப் போகாமல் நின்றதற்குக் காரணம், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவர் திறந்து பார்த்ததுதான்.

இக்கருவிகளைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உண்டு. கேம்பிரிட்ஜிலும் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவிலும் இவற்றுக்கெனவே காட்சியகங்கள் இருக்கின்றன. பழைய கருவியை வாங்குவதும் சிலாபத்துச் சிப்பியை ஏலம் எடுப்பது போன்றதே. திறக்கும்வரை நிலைமை தெரியாது. ஆயினும் கடற்கரை வீட்டார் சில செய்திகளை மனத்தில் கொள்வது நலம்.

முதலாவது, நெடுங்காலம் கிடந்த கருவியை உடனே மின்சாரத்தில் சொருகக் கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வறண்டிருக்கும். கமடோர் 64இன் மின்வழங்கிப் பெட்டி பழுதானால், மிகை மின்னழுத்தத்தை அனுப்பிச் சில்லுகளையே எரித்துவிடும். தெரிந்தவர் முதலில் மின்வழங்கியை அளந்து பார்க்கட்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டார் திறக்கவே வேண்டாம். அணைத்த பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் அதில் தங்கியிருக்கும். இரண்டாவது, நம் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, காற்றுப் புகாத பெட்டியில், தரையைத் தொடாமல் வைத்தல் வேண்டும். பேட்டரி இருந்தால் அது கசியுமுன் அகற்றுக. மூன்றாவது, ஒலிநாடாவைக் காந்தத்துக்கும் வெயிலுக்கும் அருகில் வைக்காமல், துடைத்துச் சுத்தம் செய்த கருவியில் ஓடவிட்டு இரு பக்கத்தையும் படியெடுங்கள். உறையில் எழுதியிருப்பதை நம்பி ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இறுதியாக, எந்த வகையிலும் உதவாத பாகங்களை எரிக்கவோ குப்பையில் வீசவோ வேண்டாம். மின்னணுக் கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. ஈயம் நம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் அதன் பலனை அனுபவிப்பவர் நம் பிள்ளைகளே.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வீட்டை அடைக்கச் சொல்லவில்லை; வீண் சேமிப்பு நம் மார்க்கம் விரும்பும் செயலும் அன்று. ஆனால் முன்னோர் கடல் கடந்து உழைத்த காலத்தின் சாட்சிகள் நம்மிடம் விடப்பட்ட அமானிதங்கள். அவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைத் திறந்து பார்த்த பின் முடிவு செய்வோம். வாப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டி உங்கள் பரணிலும் இருக்கலாம். அதைக் கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் அமர்த்தித் திறந்து, அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். பொருளை வல்லுநர் பழுதுபார்த்துவிடுவர். கதையைச் சொல்ல அவரன்றி எவரும் இல்லை.