ஒரு கல்லின் பிறப்புச் சான்று

மலையகத்திற் பிறந்தோர்க்குக் கல் புதியதொன்றன்று. லயத்தின் அத்திவாரமும், தேயிலை மலையின் மண்ணைத் தாங்கி நிற்கும் கல்லணையும், 1885இல் நானுஓயா வரை நீண்ட புகையிரதப் பாதையின் ஓரத்து வெட்டுப்பாறையும் எமக்கு நாளும் பழகியவை. வட்டகொடையில் இவற்றையெல்லாம் ‘கருங்கல்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவோம். கலைப்பீடத்திற் புவியியல் பயிலத் தொடங்கிய பின்னரே அக்கல்லின் பிறப்பை வினவும் எண்ணம் என்னுள் எழுந்தது.

பாறைகளை அவை தோன்றிய முறை நோக்கித் தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படுத்துவர். இவற்றுள் தீப்பாறை, உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகுவதால் உண்டாவது. நிலத்தின் ஆழத்தே மெல்ல ஆறின் படிகங்கள் பெரிதாக வளரும், கிரனைற்று அத்தகையது. மேற்பரப்பில் விரைந்து ஆறின் படிகங்கள் கண்ணுக்குப் புலனாகா வண்ணம் நுண்ணியவாகும். தக்கணப் பீடபூமியைப் போர்த்துள்ள பசால்ற்று இதற்குச் சான்று. சிலிக்கா மிகுந்தவை பெரும்பாலும் வெளிர்நிறமும், குறைந்தவை கருநிறமும் கொள்ளும். எனவே, படிகத்தின் பருமன் ஆறிய வேகத்தையும், கனிப்பொருட் சேர்க்கை குழம்பின் இயல்பையும் உணர்த்துகின்றன எனலாம்.

ஆயின் எம் மலைநாட்டுக் கல் யாது? மத்திய மலைநாடு ‘உயர்நிலத் தொகுதி’ எனப்படும் பழம்பாறைப் பரப்பைச் சார்ந்தது. ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்து, ஆழத்தின் வெப்பமும் அமுக்கமும் இப்பாறைகளை உருமாற்றின. இங்கு பரவலாகக் காணப்படும் சார்னொக்கைற்று என்னும் பாறையின் வரலாறு சுவையானது. கல்கத்தாவில் அடக்கஞ் செய்யப்பட்ட ஆங்கில அதிகாரி யோபு சார்னொக்கின் கல்லறைக் கல்லையொட்டி, 1893இல் தோமஸ் ஹொலண்ட் இப்பெயரை இட்டார். அக்கல்லோ சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதிப் பாறையைச் சேர்ந்தது. ஹொலண்ட் இதனைத் தீப்பாறையெனவே கொண்டார்.

பின்வந்த ஆய்வாளர் அதனோடு அமையவில்லை. தென்னிந்தியாவிலும் எமது நாட்டின் குருநாகற் பகுதியிலும், நைசுப்பாறை இருந்த இடத்திலேயே திட்டுத்திட்டாகச் சார்னொக்கைற்றாக மாறியிருப்பதை அவர்கள் கண்டனர். ஆகவே, இன்று இப்பெயர் பெறும் பாறைகளுட் சில குழம்பிலிருந்து இறுகியவை எனவும், சில உருமாற்றத்தால் விளைந்தவை எனவும் கொள்ளப்படுகின்றன. பெயரை மட்டுங் கொண்டு பிறப்பைத் துணிதல் இயலாது; ஒவ்வொரு பாறையையும் அது கிடக்கும் இடத்திற் சென்று ஆராய்தல் வேண்டும்.

இதனைக் கற்றபோது என் மனம் பிறிதொரு வகைப்படுத்தலை நாடிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது என்றது. தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமையை நிறுவக் கேட்டது. பிறப்புச் சான்றற்ற தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. எங்கள் லயத்து முதியோர் பலர் தம் வாழ்வின் பெரும்பகுதியை அவ்விடைவெளியிற் கழித்தவர்கள்.

கல்லையும் மனிதரையும் ஒப்பிடுதல் தகாது என்பர். யான் ஒப்பிடுவது வகைப்படுத்துவோரின் மனப்பாங்கினையே. புவிச்சரிதவியலாளன் பிறப்பை வினவுவது பொருளை அறிவதற்காக. பாறை வேறு சான்று கூறின் தன் வகுப்பைத் திருத்திக்கொள்கிறான். சட்டம் வினவியதோ விலக்குவதற்காக. கண்முன் நின்ற மக்களின் உழைப்பையும் வாழ்வையும் அது சான்றெனக் கொள்ளவில்லை. அறிவியலின் நெகிழ்ச்சி ஆட்சிக்கும் வாய்க்குமாயின், ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு எவர்க்கும் இனி நேராது.