பிறந்த நட்சத்திரமும் இரண்டு தந்தையரும்

நம் முன்னோர் பிறந்தநாளைத் தேதியைக் கொண்டு கணக்கிட்டவர்கள் அல்லர். பிறந்த மாதமும் பிறந்த நட்சத்திரமும் ஒன்றுகூடும் நாளே அவர்களுக்குப் பிறந்தநாள். மாமன்னன் ராஜராஜன் பிறந்தது ஐப்பசிச் சதயம். அவன் மைந்தன் ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரை. திருவாரூர்க் கோயில் கல்வெட்டு இவ்விரண்டையும் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. அந்த ஆடித் திருவாதிரை இன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு விழாவாகவே நடைபெறுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் ஒருவரது பிறந்த நட்சத்திரம் நினைவில் நிற்கிறது என்றால், அதன் பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

எங்கள் பேரனுக்குத் தை உத்திரட்டாதியில் இரண்டு வயது நிறைவடைந்தது. அந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சிறுவாச்சூர் மதுர காளியம்மன் எங்கள் குலதெய்வம். அங்கு அன்றாடம் நடை திறப்பதில்லை. திங்களும் வெள்ளியுமே வழக்கமான தரிசன நாட்கள். அம்மனே நாள் குறித்துக் கொடுத்தாள் என்று எண்ணி, மகள், மாப்பிள்ளை, குழந்தையுடன் நானும் என் மனைவியும் புறப்பட்டோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மூன்று தலங்களை இரண்டு நாட்களில் தரிசிப்பது என்பது திட்டம்.

இந்தப் பயணத்துக்கு ஒரு கவலையும் துணையாக வந்தது. குழந்தை இன்னும் பேசத் தொடங்கவில்லை. மருத்துவரிடம் காட்டினோம். செவித்திறனில் குறையில்லை என்று உறுதி செய்து, பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆயினும் உறவினர் வாய் ஓயுமா? "எதிர்வீட்டுக் குழந்தை இந்த வயதில் பாட்டே பாடுகிறதே" என்பார் ஒருவர். "பிடிவாதம் மட்டும் குறைவில்லை" என்பார் மற்றொருவர். ஒவ்வொரு சொல்லுக்கும் என் மகளின் முகம் வாடும்.

சிறுவாச்சூர், பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. மாவிளக்கு இத்தலத்தின் சிறப்பான நேர்த்திக்கடன். ஊறவைத்த அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து நெய் வார்த்துத் திரியிடுவார்கள். என் மனைவி மாவைப் பிசையும்போது பேரன் அருகில் அமர்ந்து ஒரு கைப்பிடி மாவை எடுத்துக்கொண்டான். உருட்டினான், குழித்தான், சரியாக வரவில்லை என்று தானே கலைத்து மறுபடி உருட்டினான். நாங்கள் செய்து கொடுத்ததை ஏற்கவில்லை. விளக்கு மலையேறிய பின் பிரசாதத்தைப் பக்கத்தில் இருந்த முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டே தன் வாயில் இட்டுக்கொண்டான். வரிசையில் ஒருவரையும் விடவில்லை.

இத்தலத்தின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. இங்கு முதலில் கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவனின் பிடியில் அவள் துன்புற்றபோது, ஓரிரவு தங்க இடம் கேட்டு வந்த மதுர காளியம்மன் அவனை அழித்தாள். செல்லியம்மன் ஊரை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பர். அதனால் இன்றும் மலையை நோக்கித் தீபம் காட்டிய பின்னரே அம்மனுக்குத் தீபாராதனை. இடத்தை விட்டுக்கொடுத்தவளுக்கே முதல் மரியாதை!

அன்றிரவு அரியலூரில் தங்கினோம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் தாயுடன் சேர்ந்து, 2007-ல் மறுபடி தனி மாவட்டமானது. நடை பழகும் குழந்தை நான்கடி சென்று தாயின் மடிக்கே திரும்பி, பிறகு துணிந்து நடப்பதைப் போன்றதுதான் இதுவும். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் காணக் காணப் பேரனுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கும்பிடு போட்டான்.

மறுநாள் காலை, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி. மூவர் பாடலும் பெற்ற தலம், சுவாமி வைத்தியநாதர். ராஜராஜ சோழன் இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எழுப்ப ஆணையிட்டபோது, சுவரைப் பிரிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆயுள் முழுவதும் பேரேடுகளோடு வாழ்ந்த எனக்கு இச்செய்தி மெய்சிலிர்க்க வைப்பது. புதியதைக் கட்டும்போது பழைய கணக்கில் ஒரு வரியும் விடுபடலாகாது என்று எண்ணிய மன்னர்கள் அவர்கள்!

நந்தியெம்பெருமானின் திருமணம் நடந்த தலமும் இதுவே. திருவையாற்றில் பிள்ளைவரம் வேண்டி வேள்வி செய்த சிலாத முனிவருக்கு, உழுத நிலத்திலிருந்து கிடைத்த குழந்தை நந்தி. ஆனால் ஆயுள் பதினாறே ஆண்டுகள். ஒவ்வொரு பிறந்தநாளும் அந்தத் தந்தைக்கு எப்படி விடிந்திருக்கும்? கொண்டாடவும் வேண்டும், குறைந்த ஆண்டை எண்ணி உள்ளூரக் கலங்கவும் வேண்டும். ஆயினும் அவர் அச்சத்தால் மகனைக் கட்டிப்போடவில்லை. கற்க வேண்டியவற்றைக் கற்பித்தார். உண்மையறிந்த மகன் தவம் செய்யத் துணிந்தபோது தடுக்கவும் இல்லை. அத்தவத்தால் இறைவன் நிலைத்த வாழ்வும் கயிலைக் காவலும் அருளினான். சுயசாம்பிகையை மணமுடித்தும் வைத்தான். பங்குனிப் புனர்பூசத்தில் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மணமகனாகிய நந்தியை அழைத்துக்கொண்டு இங்கே எழுந்தருள்கிறார். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது நம் பக்கத்து வழக்கு.

அங்கு ஒரு மூதாட்டி நந்தியின் காதில் தம் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் உற்றுப் பார்த்தான். அவர் நகர்ந்ததும் தன்னைத் தூக்கும்படி என் கையை இழுத்தான். தூக்கினேன். நந்தியின் காதருகே வாய் வைத்துக் கை குவித்து நெடுநேரம் இருந்தான். சொல் ஏதும் எழவில்லை; மூச்சுக்காற்று மட்டுமே. என் மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தில் அப்போது வாட்டம் இல்லை.

மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சைப் பெருவுடையார் விமானத்தைவிட உயரம் குறைவு. வடிவில் நளினம் மிகுதி. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. வடபுறப் படிகளை ஒட்டிய சுவரில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. உமையோடு அமர்ந்த பெருமான், தலை தாழ்த்திக் கைகூப்பிய ஓர் இளைஞனின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிடும் தந்தையின் பரிவு அந்த விரல்களில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை சேய்ஞலூர் விசாரசருமர். ஆயன் பசுவை அடித்தது பொறாமல் தாமே மேய்க்கும் பொறுப்பை ஏற்றார். பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை மணல் லிங்கத்துக்கு ஆட்டினார். பாலை வீணாக்குகிறான் என்று ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தர் வந்து மகனைக் கோலால் அடித்தார். பூசையில் தோய்ந்திருந்த பிள்ளை அதை உணரவே இல்லை. பாற்குடத்தை அவர் காலால் இடறியபோதுதான் அந்தக் கால்களை மகன் வெட்ட நேர்ந்தது. 'இனி உனக்கு நாமே தந்தை' என்று இறைவன் ஏற்றுக்கொண்டான்; எச்சதத்தரும் அவன் அருளால் நற்கதி பெற்றார்.

எச்சதத்தர் கொடியவர் அல்லர். ஊரார் கண்ணால் மகனைப் பார்த்தார், அவ்வளவே. சிலாதர் தம் கண்ணால் பார்த்தார். ஒருநாள் இடைவெளிகூட இல்லாமல் இவ்விரு தந்தையரையும் நினைவுகூர வைத்தது இந்த மாவட்டத்து மண்.

குழந்தையின் பிறந்தநாள், வயதில் ஒன்றைக் கூட்டும் நாள் மட்டுமன்று. இந்த ஓராண்டில் அது என்னவாக மலர்ந்திருக்கிறது என்று பெரியவர்கள் கண்திறந்து பார்க்கும் நாளும் ஆகும். பகிர்ந்து உண்ணும் குணமும், தானே செய்து பார்க்கும் உறுதியும், பிறர் செய்கையை ஊன்றி நோக்கும் கவனமும் பேச்சுக்கு முன்பே வந்துவிடலாம். பேச்சு தன் நேரத்தில் வரட்டும். அதற்கான பயிற்சியும் பிரார்த்தனையும் தொடரட்டும்.

பேரன் பேத்தி பெற்ற நம்மைப் போன்றவர்கள் வீட்டில் ஒதுங்கி இடம் விட வேண்டிய பருவம் இது. விட்டுக்கொடுத்தவளுக்கே முதல் தீபம் என்ற சிறுவாச்சூர் வழக்கம் நமக்குப் போதிய ஆறுதல். வெள்ளியில் சிறுவாச்சூர், மறுநாள் முற்பகல் திருமழபாடி, பிற்பகல் ஜெயங்கொண்டம் வழியே கங்கைகொண்ட சோழபுரம் என்று வகுத்துக்கொண்டால் முதியோரும் குழந்தைகளும் சிரமமின்றித் தரிசிக்கலாம். உங்கள் இல்லத்துக் குழந்தைகளின் பிறந்த நட்சத்திரத்தில் ஒருமுறை சென்று வாருங்கள். வைத்தியநாதர் நோயற்ற வாழ்வையும் நீண்ட ஆயுளையும் அருள்வார்.